நம்பர் வீட்லயே இருக்கு, போன் மட்டும்தான் பறக்குது

கேள்வி: வெளிநாடு போயிருந்தப்ப நான் யாருக்கும் கால் பண்ணவே இல்ல. வந்த காலையும் பாதி எடுக்கல. எடுக்காத காலுக்கும் சேத்து பில் வந்திருக்கே, இது நியாயமா?

பதில்: கோவம் எனக்கும்தான் வருது, ஆனா காரணம் இருக்கு. நீங்க ஃப்ளைட் ஏறினாலும் உங்க நம்பர் ஏறல, அது உங்க நாட்டு கம்பெனி நெட்வொர்க்லயே உக்காந்திருக்கு, போன் மட்டும் வெளிநாட்டு நெட்வொர்க்ல ஓடுது, இதுக்குப் பேர்தான் ரோமிங். கூப்பிடறவருக்கு நீங்க எங்க இருக்கீங்கன்னு தெரியாது, அவர் வழக்கமான கால் சார்ஜ்தான் குடுப்பாரு, அங்கேருந்து நீங்க இருக்கற நாடு வரைக்கும் அந்த கால கொண்டு வர்ற செலவு உங்க தலையில. சரி, எடுக்கலையேன்னா, வாய்ஸ்மெயில் (நீங்க எடுக்கலன்னா கூப்பிட்டவர் பேசி பதிவு பண்ணி வைக்கற வசதி) ஆன்ல இருந்திருக்கும். கால் உங்ககிட்ட வந்து ரிங் அடிச்சு, நீங்க எடுக்கலன்னதும் அதே கால் திரும்ப உங்க நாட்டு வாய்ஸ்மெயிலுக்கு ஓடும். போக வர ரெண்டுக்கும் உங்ககிட்ட சார்ஜ் போடற கம்பெனிங்க இருக்கு. அடுத்த தடவ கிளம்பறதுக்கு முன்னாடியே ##002# டயல் பண்ணிடுங்க, ஜிஎஸ்எம் நெட்வொர்க்ல கால இப்படி வேற இடத்துக்கு திருப்பி விடற எல்லா ஃபார்வர்டிங்கும் கேன்சல் ஆயிடும்.

கேள்வி: ரோமிங் பேக்கா, இ-சிம்மா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

பதில்: ரெண்டு மூணு நாள்னா உங்க கம்பெனியே வெளிநாட்டுக்குன்னு தர்ற ரோமிங் பேக் போட்டுட்டு நிம்மதியா இருங்க, அதுக்கு மேலன்னா என் ஓட்டு இ-சிம்முக்குத்தான் (கார்டு இல்லாம போன்லயே இறக்கிக்கற சிம்), ஆனா வீட்டு சிம்ம கழட்டி வீசிடாதீங்க, அது ஓடிபிக்கும் காலுக்கும், இ-சிம் டேட்டாவுக்கு மட்டும், இப்படி வேலைய பிரிச்சு குடுத்துடணும். முதல்ல உங்க போன் இ-சிம் எடுக்குமான்னு *#06# அடிச்சு பாருங்க, போனோட அடையாள நம்பரான ஐஎம்இஐ கூட, இ-சிம்முக்கான ஈஐடின்னு ஒரு நீள நம்பரும் வந்தா எடுக்கும். போன் ஒரு கம்பெனிக்கு லாக் ஆகி இருந்தா வேற சிம் வேலை செய்யாது, அதையும் கேட்டு வச்சுக்கோங்க. இ-சிம் வாங்கினா க்யூஆர் கோட் ஒண்ணு வரும், அத ஸ்கேன் பண்ணி இன்ஸ்டால் பண்ண நெட் வேணும், அதனால ஏர்போர்ட்ல இறங்கினதுக்கு அப்புறம் பாத்துக்கலாம்னு விடாம வீட்டு வைஃபைலயே முடிச்சுடுங்க. அந்த க்யூஆர் கோட் பெரும்பாலும் ஒரே ஒரு தடவதான் செல்லும், நெட் வரலன்னு டென்ஷன்ல இ-சிம்ம டெலிட் பண்ணிட்டு மறுபடி ஸ்கேன் பண்ணலாம்னு நினைச்சா போச்சு. நெட் வராததுக்கு முக்கால்வாசி காரணம் ஒரு சின்ன சுவிட்ச். வீட்டு சிம்முக்கு டேட்டா ரோமிங் ஆஃப், இ-சிம்முக்கு டேட்டா ரோமிங் ஆன். பல டிராவல் இ-சிம்மே வேற நாட்டு கம்பெனியோடதுதான், அதுவும் அங்க விருந்தாளியாதான் ஓடுது, அதனால ஆன் பண்ணாதான் நெட் வரும். ஒரு சிம்ல சிக்னல் போனா இன்னொண்ணுக்கு டேட்டா தானா மாறற ஆப்ஷன் ஒண்ணு இருக்கும், அத மறக்காம ஆஃப் பண்ணுங்க, அதிர்ச்சி பில்லுக்கு அதான் பின்வாசல்.

கேள்வி: சிம் மாத்தினா வாட்ஸ்அப் போயிடுமா?

பதில்: போகாது. நம்பர மாத்தணுமான்னு கேக்கும், வேணாம்னு சொல்லிடுங்க, பழைய நம்பர்லயே ஓடும்.

கேள்வி: சீனால என் கூட வந்தவர் அந்த ஊர் சிம் வாங்கினாரு, கூகுள் ஓபன் ஆகல. ரோமிங்ல இருந்த எனக்கு ஆச்சு, ஆனா ரொம்ப ஸ்லோ. ஏன்?

பதில்: நல்ல கேள்வி. ரோமிங்ல உங்க டேட்டா பொதுவா முதல்ல உங்க நாட்டு கம்பெனிக்கு போய்ட்டு அங்கேருந்துதான் இன்டர்நெட்டுக்குள்ள நுழையும், அதனால கூகுளுக்கு அந்த ஊர்ல இருக்கற தடை உங்கள பிடிக்கல, அவ்ளோ தூரம் சுத்தி வர்றதாலதான் ஸ்லோ. அவரோட லோக்கல் சிம் நேரா அங்கயே நுழையுது, தடைல மாட்டுது.

கேள்வி: ஐரோப்பால ஒரு நாட்டு சிம் வாங்கினா எல்லா நாட்டுலயும் ஓடுமா?

பதில்: ஐரோப்பிய யூனியனுக்குள்ள 2017 ஜூன்லேருந்து தனி ரோமிங் சார்ஜ் கிடையாது (ரொம்ப அதிகமா யூஸ் பண்ணா லிமிட் உண்டு), நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைனும் இதுல சேத்தி. சுவிட்சர்லாந்து சேராது, இங்க மாட்டிக்கறவங்கதான் ஜாஸ்தி, ட்ரெயின்ல போறப்ப பார்டர் தாண்டினது கூட தெரியாது. கப்பல்லயும் ஃப்ளைட்லயும் சாட்டிலைட் வழியா வர்ற சிக்னலுக்கும் இந்த விதி பொருந்தாது, அங்க ஃப்ளைட் மோட்தான் ஒரே வழி.

கேள்வி: ஃபுல் சிக்னல் காட்டுது, நெட் வருது, கால் மட்டும் போகல?

பதில்: பழைய மாடல் போனா? அமெரிக்கால பெரிய நெட்வொர்க்லாம் 2022லயே 3ஜிய மூடிட்டாங்க, அங்க வோல்ட்டி (4ஜி வழியாவே கால் பேசற வசதி) வேலை செய்யாத போன்ல நெட் வந்தாலும் கால் போகாது. செட்டிங்ஸ்ல வோல்ட்டி ஆன்ல இருக்கா பாருங்க, இருந்தும் போகலன்னா உங்க கம்பெனிக்கும் அந்த ஊர் கம்பெனிக்கும் வோல்ட்டி ரோமிங் ஒப்பந்தம் இருக்கான்னு கஸ்டமர் கேர்ல கேளுங்க, கிளம்பறதுக்கு முன்னாடி.