உங்கள் வழக்கு 70,290-இல் இருக்கிறது

கேள்வி: ஏழு வருடம் செதுக்கிய திரைக்கதை ஐயா. கணவனுக்குத் தெரியாமல் வேறொருவருடன் பழகும் மனைவி, அதைப் படம் பிடித்து மிரட்டிப் பணம் கேட்கும் முகம் தெரியாத ஆள், கடைசியில் ஒரு கொலை. எழுத்தாளர் சங்கத்தில் பதிவும் செய்திருக்கிறேன். போன வருடம் ஒரு இயக்குநர் கூப்பிட்டு மூன்று நாள் கதை கேட்டார். முழு ஸ்கிரிப்டையும் மெயிலில் வாங்கிக்கொண்டு, பேட்டா என்று 10,000 ரூபாய் அனுப்பினார். அப்புறம் போனையே எடுக்கவில்லை. இப்போது அதையே சின்ன பட்ஜெட்டில் எடுத்து வெளியிட்டுவிட்டார். கதை, திரைக்கதை, வசனம், இயக்கம் எல்லாம் அவர் பெயரில். டிரெய்லர் பார்த்தபோதே சந்தேகம் வந்தது, படம் வரட்டும் என்று இரண்டு மாதம் பொறுத்திருந்தேன். 14 ஒற்றுமைகளைப் பட்டியலிட்டு இணைத்துள்ளேன். சாட்சிக்காகத் தியேட்டரில் ஒரு காட்சியைப் போனில் எடுத்து வைத்திருக்கிறேன். தயாரிப்பாளருக்கு அனுப்பிய வாட்ஸப் செய்தியின் நகலும் உண்டு. படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை, ஓடிடிக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். தடை வாங்க முடியுமா? அந்த ஆளைக் கொன்றே போடலாம் போல இருக்கிறது.

பதில்: முதலில் அந்தக் கடைசி வரி. அதை இனி யாருக்கும் எழுதாதீர்கள், வக்கீலுக்கும்கூட. கோபத்தில் சொன்னது என்று எனக்குப் புரிகிறது. நாளைக்கு வேறு ஏதாவது ஒரு புகாரில் உங்கள் போன் போலீஸ் கைக்குப் போனால், அதைப் படிக்கிறவருக்குப் புரிய வேண்டுமே.

ஏழு வருடம், மூன்று நாள் கதை கேட்டது, போன் எடுக்காதது, இதெல்லாம் இருக்கட்டும். சங்கப் பதிவும் இருக்கட்டும். இந்தத் தேதியில் இந்தக் காகிதம் உங்களிடம் இருந்தது என்பதற்கு அது நல்ல சாட்சி, அதற்கு மேல் எதுவும் இல்லை. உங்கள் 14 ஒற்றுமைகளில் 12-ஐ நான் அடித்துவிட்டேன்.

மனைவியின் ரகசிய உறவு, மிரட்டல், கொலை: இந்த மூன்றும் யாருக்கும் சொந்தமில்லை. மிரட்டியது கணவன்தான் என்ற திருப்பமும் உங்களுடையதில்லை, உங்களுக்கு முன்னாலேயே பலர் எழுதித் தேய்த்துவிட்டார்கள். கருவுக்குக் காப்புரிமை இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் 1978-இலேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் தீர்த்துவிட்டது. எல்லோரும் அந்தத் தீர்ப்பின் ஒரு வரியை மட்டும் மேற்கோள் காட்டுவார்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது வழக்கின் கதையை. ஆனந்த் ஒரு நாடகம் எழுதினார். படம் எடுத்தவர்கள் அதை அவர் வாயாலேயே கேட்டிருந்தார்கள். மாகாணவெறி என்ற அதே கருவில் அப்புறம் படம் வந்தது. அவர்கள் கதை கேட்டதை நிரூபித்தும் ஆனந்த் மூன்று நீதிமன்றங்களிலும் தோற்றார். 'என்னிடம் கதை கேட்டார்கள்' என்பது வழக்கின் ஆரம்பம் மட்டும்தான். அதை வைத்து ஜெயித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

சரி, மிச்சம் இரண்டு. ஒன்பதாவது, பதினொன்றாவது.

பதினொன்றாவதில், இன்ஸ்பெக்டர் கதாநாயகியிடம் 'இந்தக் கள்ளத்தொடர்புக்கே உன்னை உள்ளே தள்ளுவேன்' என்று மிரட்டுகிறார். படத்திலும் அதே மிரட்டல். சட்டப்படி தப்பு. கள்ளத்தொடர்பைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டம் 497-வது பிரிவை 27 செப்டம்பர் 2018 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அந்தப் பிரிவு உயிரோடு இருந்த காலத்திலும் தண்டனை ஆணுக்குத்தான், மனைவியை உடந்தை என்றுகூடத் தண்டிக்க முடியாது. ஒரே தப்பு இரண்டு பேரிடமும் இருக்கிறதே என்று நீங்கள் குஷியாகலாம். ஆனால் இந்தத் தப்பைத் தமிழில் திரில்லர் எழுதும் பாதிப் பேர் செய்கிறார்கள். சாட்சியாக இதற்குப் பெரிய மதிப்பில்லை.

ஒன்பதாவதுதான் விஷயம். அதை நீங்கள் பட்டியலின் நடுவில், 'பணத் தொகையும் ஒன்றே' என்று ஒற்றை வரியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். நான் ஸ்கிரிப்டை எடுத்து 41-வது காட்சியைப் படித்தேன். மிரட்டுகிறவன் மூன்று முறை பணம் கேட்கிறான், மூன்று முறையும் 23,640 ரூபாய். அவள் நாட்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் கூட்டிப் பார்க்கிறாள். அந்தத் தொகை தங்கள் வீட்டுக் கடனின் மாதத் தவணை என்று அப்போதுதான் உறைக்கிறது. நல்ல காட்சி, பாராட்டுகள். ஆனால் கூட்டல் தப்பு. மூன்று 23,640 என்றால் 70,920. நீங்கள் 70,290 என்று தட்டச்சு செய்திருக்கிறீர்கள். நீங்களே குறித்திருக்கும் வசனப்படி, படத்திலும் அந்த நடிகை 'எழுபதாயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு' என்கிறார்.

இரண்டு பேர் தனித்தனியாக ஒரே சரியான விடைக்கு வந்துவிடலாம். தனித்தனியாக ஒரே தப்பான விடைக்கு வருவது கஷ்டம். எதிர்த்தரப்பு வக்கீல் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், இந்த எண்ணை விளக்க முடியாமல் திணறுவார். உங்கள் பிடிஎஃப் இயக்குநர் கையில் இருந்தது, அதைப் பார்த்து எழுதினார் என்பதை இது நிலைநாட்டும். எவ்வளவு எடுத்தார் என்பது அடுத்த கேள்வி. அதற்கு 38 முதல் 46 வரையுள்ள காட்சிகளைப் படத்தோடு வரிசையாக ஒப்பிட்டு எழுதுங்கள், முழுப் படத்தையும் வேண்டாம். கூடவே, நம்பிக்கையின் பேரில் சொன்னதைப் பயன்படுத்தினார் என்று தனிக் காரணமும் சேர்க்கலாம். தொலைக்காட்சித் தொடருக்கான ஒரு கருவை அந்த அடிப்படையில் பம்பாய் உயர் நீதிமன்றம் 2003-இல் காப்பாற்றியிருக்கிறது.

ஆக, வழக்கு இருக்கிறது. இனி நான் நிஜமாகவே பயப்படும் இடத்துக்கு வருகிறேன். நீங்கள் தயாரிப்பாளருக்கு இரவு 11.40-க்கு அனுப்பிய செய்தி.

'மூன்று நாளில் 25 லட்சம் வரவில்லை என்றால் உங்கள் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றுவேன். வீட்டுக்குத் தெரியாமல் நீங்கள் நடத்தும் விஷயமும் எனக்குத் தெரியும்.'

முதல் வரியோடு நிறுத்தியிருந்தால், கோபக்காரர் தன் கூலியைக் கேட்டிருக்கிறார் என்று வாதாடிக் கரையேறலாம். இரண்டாவது வரிக்கும் உங்கள் கதைத் திருட்டுக்கும் என்ன சம்பந்தம்? அவருடைய சொந்த வாழ்க்கையை வெளியே சொல்வேன் என்று பயமுறுத்திப் பணம் கேட்பதற்கு மிரட்டிப் பணம் பறித்தல் என்று பெயர், பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-வது பிரிவில் இருக்கிறது. பணம் கைமாறியிருந்தால் 7 ஆண்டு வரை, மாறாமல் பயமுறுத்தலோடு நின்றாலும் 2 ஆண்டு வரை. உங்கள் ஸ்கிரிப்டில் வில்லன் அனுப்பும் செய்தியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவன்கூட உங்களைவிடப் பதமாக எழுதுகிறான்.

நல்ல வழக்கோடு வந்த கட்சிக்காரர்கள் குற்றவாளிக் கூண்டுக்குப் போனதை நான் பார்த்ததெல்லாம் இந்த வழியில்தான். ஒருவருக்கு உங்களுடையதைவிடப் பலமான கேஸ். இயக்குநரின் கையெழுத்தோடு ஒப்புதல் கடிதமே இருந்தது. நோட்டீஸ் அனுப்புவதற்கு முந்தின இரவு உட்கார்ந்து, அந்த இயக்குநரின் குடும்பத்துப் பெண்களை இழுத்து முகநூலில் ஒரு பதிவு போட்டார். காப்புரிமை வழக்கு அப்படியே மூலையில் கிடக்க, அவதூறு வழக்கின் வாய்தாவுக்கு அலைந்தே ஓய்ந்துபோனார். கடைசியில் அந்த ஒப்புதல் கடிதத்தைப் பயன்படுத்தாமலேயே மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தோம்.

அந்தச் செய்தியை இப்போது அழிக்காதீர்கள். எதிர்த்தரப்பிடம் ஸ்கிரீன்ஷாட் நிச்சயம் இருக்கும். நீங்கள் அழித்தால் குற்ற உணர்வோடு அழித்ததாகத்தான் தெரியும். 'மன்னிக்கவும், கோபத்தில் எழுதிவிட்டேன்' என்று அடுத்த செய்தியும் அனுப்பாதீர்கள், அது ஒப்புதல் வாக்குமூலமாகப் போய் உட்கார்ந்துவிடும். அவருக்கு இனி உங்கள் போனிலிருந்து எதுவும் போகக் கூடாது. பொங்கல் வாழ்த்துகூட வேண்டாம்.

தியேட்டரில் எடுத்த வீடியோ அடுத்த தலைவலி. 2023-இல் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். திருட்டு நகல் எடுக்கும் நோக்கத்தோடு தியேட்டரில் பதிவு செய்தால் குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. அபராதம் 3 லட்சத்தில் ஆரம்பிக்கிறது. உங்கள் நோக்கம் அது இல்லை என்று வாதாடலாம்தான். ஆனால் வாதியாகப் போகிறவர் எதற்குத் தன் நோக்கத்தை விளக்கிக்கொண்டிருக்க வேண்டும்? அதை நோட்டீஸோடு இணைக்காதீர்கள், நண்பர்களுக்கு அனுப்பாதீர்கள், போனை அப்படியே உங்கள் வக்கீலிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். தேவைப்பட்டால் நீதிமன்றமே படத்தை வரவழைத்துப் பார்க்கும்.

பேட்டா 10,000 எப்படி வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. வெறும் ஜிபே என்றால் பிரச்சினை இல்லை. கூடவே ஏதாவது வவுச்சரில் கையெழுத்துப் போட்டீர்களா? 'கதைக்கான முழுத்தொகை பெற்றுக்கொண்டேன்' என்று சின்ன எழுத்தில் ஒரு வரி அதில் இருக்கும். பேட்டா கிடைத்த சந்தோஷத்தில் யாரும் படிப்பதில்லை. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு, எந்த உரிமை, எவ்வளவு காலம் என்ற விவரத்தோடு இருக்க வேண்டும் என்று காப்புரிமைச் சட்டம் 19-வது பிரிவு சொல்கிறது. அதனால் அந்த வவுச்சரை அடித்துப் போராட முடியும். ஆனால் அப்படி ஒன்று இருப்பது எனக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். எதிர்த்தரப்பின் பதில் மனுவில் அதை முதன்முதலாகப் பார்த்தால் நான் என்ன செய்வேன்?

போலீஸில் அதே காப்புரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவில் புகார் கொடுக்கலாமே என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். அது பிடிவாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து எல்லோருக்கும் அதன் மேல் ஒரு மோகம். நீங்கள் அந்தக் கதவைத் தட்டினால், அவர்கள் அந்த 11.40 செய்தியை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கதவைத் தட்டுவார்கள். இரண்டில் எது வேகமாக நகரும் என்று நினைக்கிறீர்கள்? கதைத் திருட்டைப் புரிந்துகொள்ள ஒரு அதிகாரி 120 பக்கம் படிக்க வேண்டும். உங்கள் மிரட்டலைப் புரிந்துகொள்ள இரண்டு வரி போதும்.

தடை கேட்டீர்கள். டிரெய்லர் வந்து இரண்டு மாதம் சும்மா இருந்ததை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீதிபதி கேட்கும் முதல் கேள்வி அதுதான். கடைசி நேரத்தில் ஓடி வந்து படத்தை நிறுத்தச் சொன்ன ஒருவர் மீது 2017-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் 5 லட்சம் செலவுத்தொகை சுமத்தியது. வணிக நீதிமன்றச் சட்டத்தில் தோற்றவர் செலவைத் தருவதுதான் பொது விதி என்பதையும் நினைவில் வையுங்கள். நஷ்டஈட்டுக்கு மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது, அவசரமில்லை. அவசரம் ஓடிடி ஒப்பந்தத்தில்தான். அதற்காக ஓடிடி நிறுவனங்களுக்கெல்லாம் நீங்களாகக் கடிதம் எழுதித் தள்ளாதீர்கள். ஆதாரமற்ற மிரட்டல் என்று காப்புரிமைச் சட்டம் 60-வது பிரிவில் உங்கள் மேலேயே வழக்குப் போட வழியிருக்கிறது.

என் யோசனை, பிடிக்காவிட்டாலும் சொல்கிறேன்: சமரசத்துக்குப் போங்கள். 25 லட்சத்தை மறந்துவிடுங்கள். ஒரு வாரம் ஓடாத படத்தில் அந்தப் பணம் எங்கே இருக்கிறது? ஆனால் ஓடிடிக்கு விற்க வேண்டுமானால் கதை உரிமையில் வில்லங்கம் இல்லை என்று அவர்கள் எழுதிக் கொடுத்தாக வேண்டும். உங்கள் பலம் அந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது, அதுவும் விற்பனை முடியும் வரைதான். கேட்க வேண்டியது, ஓடிடிப் பிரதியில் கதை என்று உங்கள் பெயர், கதைக்கென்று அவர்கள் கணக்கில் ஒதுக்கிய தொகை, மறுஆக்கமும் மொழிமாற்றமும் உங்கள் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் கிடையாது என்ற ஒரு வரி. 2018 தீபாவளிக்கு வந்த ஒரு பெரிய நட்சத்திரப் படத்திலேயே கதைத் தகராறு இப்படித்தான், டைட்டிலில் பெயர் போட்டு முடிந்தது. அங்கே பெயர் வாங்கியவர் தோற்றதாக யாரும் சொல்லவில்லை.

சங்க அலுவலகத்திலோ யாராவது பெரிய மனிதர் முன்னிலையிலோ வெள்ளைத் தாளில் எழுதி வாங்காதீர்கள். வழக்குக்கு முந்தைய மத்தியஸ்தம் வழியாகவே போங்கள். அங்கே கையெழுத்தாகும் சமரசத்துக்கு நடுவர் தீர்ப்பின் மதிப்பு உண்டு, பணம் தராவிட்டால் நேரடியாக நிறைவேற்றலாம். இன்னொன்று: 'கிரிமினல் புகார் கொடுக்க மாட்டோம்' என்பதைப் பேரத்தின் பகுதியாக எழுதினால் அந்த வாசகம் செல்லாது, மொத்த ஒப்பந்தத்துக்கும் அது கெடுதல். 'அன்றைய செய்தியை இந்தத் தகராறின் கோபத்தில் சொன்னதாகவே புரிந்துகொண்டோம்' என்று அவர்கள் தரப்பில் ஒரு வரி வாங்கினால் போதும்.

அதுவரை அந்த மெயிலை அனுப்பிய லேப்டாப்பை விற்கவோ ஃபார்மட் செய்யவோ கூடாது. மின்னணுச் சாட்சிக்காகப் புதிய சாட்சியச் சட்டம் 63(4)-வது பிரிவு கேட்கும் சான்றிதழுக்கு அது வேண்டும். 41-வது காட்சியைத் திறந்து கூட்டலைத் திருத்தியும் வைத்துவிடாதீர்கள். 70,290 அப்படியே இருக்கட்டும்.