கோவையைச் சுற்றி முதல்முறையாக மலையேற எங்கே போகலாம்?

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கம் காடு மலை நடந்து பார்க்க நல்ல இடங்கள் எவை, முதல்முறை போகிறவர் எதைக் கவனிக்க வேண்டும் என்பது கேள்வி.

இடத்துக்கு முன்னால் மாதத்தை முடிவு செய்யுங்கள். கொங்கு நாட்டு மலைப்பாதைகளில் பெரும்பாலானவை வனத்துறை கேட்டுக்கு உள்ளே இருக்கின்றன. கேட் திறக்கும் காலம் பாதைக்குப் பாதை மாறும்.

பிப்ரவரி முதல் மே வரை என்றால், ஏழு மலை ஏறிச் சிவனைக் கும்பிடும் வெள்ளியங்கிரி. காந்திபுரத்திலிருந்து பூண்டி வரை பஸ் உண்டு. அடிவாரக் கோயிலிலிருந்து ஏழாவது மலை உச்சி சுமார் 6 கிலோமீட்டர்தான். தூரத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஏற ஐந்தாறு மணி நேரம், இறங்க மூன்று நான்கு மணி நேரம் ஆகும். புதிதாக வருகிறவர்களைத் தடுமாற வைப்பது முதல் மலைதான். வெள்ளை விநாயகர் கோயில் வரை மூச்சுவிட இடம் தராத கல்படி. கூட்டத்தோடு சேர்ந்து வேகமாக ஏறிவிட்டு மூன்றாவது மலையில் தொடை பிடித்து உட்கார்ந்துவிடுகிறவர்கள் அதிகம். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச்சு திணறினால் நின்றுவிடுங்கள்.

அடிவாரத்தில் விற்கும் மூங்கில் தடியைக் கட்டாயம் வாங்குங்கள். ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் அது வேலை செய்யும். தடியைக் கீழ்ப்படியில் ஊன்றி, பாரத்தை அதன்மேல் இறக்கி, அப்புறம் காலை வையுங்கள். இப்படிச் செய்யாவிட்டால் கடைசி ஆயிரம் படியில் முட்டி தந்தி அடிக்கும். வெயிலுக்குப் பயந்து பலரும் இரவில் ஏறுவார்கள். அதற்குத் தலையில் மாட்டும் டார்ச் வேண்டும். செல்போன் வெளிச்சத்தை நம்பினால் ஒரு கை வீணாகும், உச்சிக்குப் போவதற்குள் சார்ஜும் தீரும்.

ஆறாவது மலையில் இறங்கினால் ஆண்டி சுனை. விடியற்காலையில் அதில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு ஏழாவது மலை ஏறுவது வழக்கம். காற்று அங்கே வெட்டவெளியில் அடிக்கும். வேர்த்த உடம்பில் ஐஸ் போன்ற தண்ணீர் பட்டு, மேலே குளிரும் சேர்ந்தால் உடம்பு நடுக்கம் எடுத்துவிடும். குளிப்பதானால் மாற்றுத்துணியும் ஒரு ஸ்வெட்டரும் பையில் இருக்கட்டும். இதயக்கோளாறு, ஆஸ்துமா, கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தயவுசெய்து ஏறவே வேண்டாம். மூச்சுத்திணறியும் மாரடைப்பு வந்தும் இந்த மலையில் உயிர்கள் போயிருக்கின்றன. மேலே ஒருவர் விழுந்தால் டோலி கட்டித்தான் தூக்கி வர வேண்டும், அதற்கு மணிக்கணக்கில் ஆகும்.

கோடையில் ஏறலாம் என்ற வெள்ளியங்கிரிக் கணக்கு மற்ற காட்டுப்பாதைகளுக்குப் பொருந்தாது. 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கி இறந்தார்கள். கோடையில் காய்ந்த போதைப்புல் என்ற மலைப்புல்லில் தீ மேட்டுப்பக்கம் ஓடுகிற வேகத்துக்கு மனிதனால் ஓட முடியாது. வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் பாதைகளை 2025இல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை மூடிவைத்ததும் இதனால்தான். தொடங்கியபோது மொத்தம் 40 பாதைகள், 14 மாவட்டங்கள். ஆழியாறு கால்வாய்க்கரை, டாப்சிலிப், மானாம்பள்ளி, உடுமலைப் பக்கம் சின்னாறு செக்போஸ்ட் – கோட்டாறு எல்லாம் அதில் உண்டு. ஆன்லைனில் முன்பதிவு செய்துதான் போக முடியும், கூடவே வழிகாட்டி வருவார். முதல்முறை என்றால் சுலபம் என்று குறித்த பாதையை எடுங்கள்.

வழிகாட்டியாக வருகிறவர்கள் பெரும்பாலும் அந்தந்தக் காட்டின் பழங்குடி இளைஞர்கள். அவர் நின்றால் நீங்களும் நில்லுங்கள். பாதையில் யானை லத்தி (சாணம்) கிடந்தால் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். மேல்பரப்பு காய்ந்து வெடித்திருந்தால் பழையது. ஈரமாக, பச்சை வாசனையோடு, லேசாகச் சூடு பறந்தால் யானை பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த இடத்தில் போட்டோவுக்கு நிற்கக் கூடாது.

மழைக்காலத்தில் வால்பாறை, டாப்சிலிப் பக்கம் ரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சித் தொல்லை. பேன்ட்டை உள்ளே விட்டு முட்டி வரை இழுத்துக் கட்டும் அட்டை சாக்ஸ்தான் உருப்படியான தடுப்பு. ஏறிவிட்டால் பிய்க்காதீர்கள், தீக்குச்சியும் வைக்காதீர்கள். வாய்ப்பக்கம் நகத்தை நுழைத்து ஓரமாகத் தள்ளினால் பிடி விட்டுவிடும். அதன் எச்சில் ரத்தத்தை உறையவிடாது என்பதால் கடிவாய் நெடுநேரம் கசியும். சோப்புப் போட்டுக் கழுவி, துணி வைத்து அழுத்திப் பிடியுங்கள், பயப்பட ஒன்றுமில்லை.

கொல்லிமலை ஆகாய கங்கைக்கு அக்டோபர் மழை முடிந்து போனால் தண்ணீர் நன்றாக இருக்கும். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள், அப்புறம் அறப்பளீஸ்வரர் கோயிலிலிருந்து ஆயிரத்துக்கு மேல் படி இறக்கம். இங்கே கணக்கு தலைகீழ்: தெம்பாக இருக்கும்போது இறங்குவீர்கள், களைத்தபின் ஏற வேண்டும். மதியத்துக்கு முன்பே இறங்கிவிடுங்கள், ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீரை மேலே ஏறுவதற்கென்று மிச்சம் வையுங்கள்.

திருமூர்த்தி மலை பஞ்சலிங்க அருவியில் இன்னொரு ஆபத்து. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மேலே மலையில் மழை பெய்து பள்ளம் திடீரென்று பெருகிவிடும். தண்ணீர் செம்மண் நிறமாகி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் துணிமணியைக்கூட எடுக்காமல் கரையேறுங்கள்.

வயதானவர்கள், குழந்தைகளோடு என்றால் காரமடை வழியாகப் பரளிக்காடு நல்லது. பில்லூர் அணைத் தண்ணீரில் பரிசல், மலைக்கிராமப் பெண்கள் சமைத்த சாப்பாடு. இதற்கும் முன்பதிவு வேண்டும். கோபி பக்கம் கொடிவேரி அணையில் பவானித் தண்ணீரில் தடுப்புக் கம்பிக்கு உள்ளே மட்டும் குளியுங்கள். நடக்கவே முடியாதவர்களைக் குளிர்காலத்தில் ஈரோட்டுக்கு அருகே வெள்ளோடு பறவைகள் சரணாலயத்துக்கோ திருப்பூர் நஞ்சராயன் குளத்துக்கோ கூட்டிப் போங்கள். இரண்டுமே ராம்சர் தலங்கள், அதாவது உலக முக்கியத்துவம் உள்ளவை என்று அங்கீகரிக்கப்பட்ட ஈரநிலங்கள். வெயில் ஏறுவதற்குள், காலை ஏழு மணிக்குள் கரையில் இருந்தால் கூழைக்கடாக்கள் வரிசையாக மீன் வளைப்பதைப் பைனாகுலர் இல்லாமலே பார்க்கலாம்.