'பிக் அப்': எதை எடுக்கிறோம்?

திருப்பூரில் 22 ஆண்டுகள் வெளிநாட்டு பையர்களுக்கு, அதாவது நம் ஆடைகளை வாங்கும் நிறுவனத்தாருக்கு, கடிதம் எழுதிப் பழகியவன் என்ற தைரியத்தில்தான் ஆங்கிலம் பற்றி வாசகர்கள் அனுப்பும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை 'பிக் அப்' என்ற ஒரே சொல்லைப் பற்றியவை.

ஐயா, பையர் ஒரே மின்னஞ்சலில் மூன்று இடத்தில் 'பிக் அப்' போட்டிருக்கிறார்: 'ஃபார்வர்டர் வில் பிக் அப் த கார்ட்டன்ஸ்', 'சேல்ஸ் ஆர் பிக்கிங் அப்', 'வி வில் பிக் அப் த ஏர் ஃப்ரெய்ட் காஸ்ட்'. எல்லாம் ஒன்றுதானா? (மெர்ச்சண்டைசர், திருப்பூர்)

இல்லை தம்பி. முதலாவதில், ஃபார்வர்டர் (சரக்கை அனுப்பிவைக்கும் நிறுவனம்) ஆள் வந்து பெட்டிகளை எடுத்துச் செல்வார். இரண்டாவதில், விற்பனை சூடு பிடிக்கிறது. மூன்றாவதில், சரக்கை விமானத்தில் அனுப்பும் செலவை அவர்களே ஏற்கிறார்கள். அந்த வரியை உடனே அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். 'காஸ்ட்' என்ற சொல் இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். அது இல்லாவிட்டால், 'விமானத்தில் வரும் சரக்கை வந்து எடுத்துக்கொள்கிறோம்' என்றும் பொருள் கொள்ளலாம். அப்போது கட்டணம் நம் தலையில் விழலாம். ஒருமுறை அப்படி நான் அவசரப்பட்டுப் படித்ததில் முதலாளி ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

'பிக் அப்'பையே முறைத்துக்கொண்டிருந்தால் பொருள் வராது. எதை எடுக்கிறார்கள் என்று பாருங்கள். நம் 'எடு'வும் அப்படித்தானே? தீபாவளிக்குத் துணி எடுத்தோம் என்றால் காசு கொடுத்து வாங்கினோம். பல்லடத்தில் பெண் எடுத்தோம் என்றால் சம்பந்தம் செய்தோம். பசி எடுத்தது என்றால் யாரும் எதையும் தொடவே இல்லை.

அமெரிக்காவில் இருக்கும் பேரன், 'ஐ வில் பிக் யூ அப்' என்றான். இந்த வயதில் என்னைத் தூக்குவானா? 'அப்' ஏன் கடைசிக்குப் போனது? (கோபிசெட்டிபாளையம்)

கார் கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போவான் அம்மா, கவலை வேண்டாம். பொருளின் பெயர் வந்தால் 'பிக் அப் த பேக்', 'பிக் த பேக் அப்' இரண்டும் சரி. 'யூ', 'மீ', 'இட்' போன்ற பிரதிப் பெயர்கள் மட்டும் நடுவில்தான் உட்கார வேண்டும். 'பிக் அப் யூ' என்று ஆங்கிலேயர் யாரும் சொல்வதில்லை.

எங்கள் சாய ஆலையில் பேடிங் மெஷின் அட்டையில் 'பிக்கப் 75' என்று எழுதுகிறார்கள். வேகமா? (பெருந்துறை)

துணி குடித்த தண்ணீர்க் கணக்கு. 100 கிலோ உலர்ந்த துணி சாயக் கரைசலில் முங்கி, உருளைகளுக்கிடையே பிழிபட்டு 175 கிலோவாக வெளியே வந்தால் பிக்கப் 75 சதவீதம். உருளையின் அழுத்தத்தைக் கூட்டினால் இது குறையும். சோமனூர்த் தறிக்காரர்கள் அங்குலத்துக்கு இத்தனை 'பிக்' என்று எண்ணுவது வேறு. அது ஊடை இழை, அதாவது துணியில் குறுக்கே ஓடும் நூல்.

'வண்டியில் பிக்கப் இல்லை' என்கிறோமே, அது நாமாகக் கட்டியதா? (லாரி ஓட்டுநர், சங்ககிரி)

நல்ல ஆங்கிலம்தான். வண்டி சட்டென்று வேகம் எடுக்கும் திறனை அமெரிக்கர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். பெயர்ச்சொல்லாக வரும்போது அழுத்தம் 'பிக்'கில் விழும். வினையாக வரும்போது 'அப்'பில் விழும்.

சளி பிடித்ததற்கும் 'பிக்ட் அப்', மொழி கற்றதற்கும் 'பிக்ட் அப்' என்கிறார்களே? (கல்லூரி மாணவி, கோவை)

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அம்மிணி. நாமும் சளி ஒட்டிக்கொண்டது என்கிறோம். பாலக்காட்டில் இரண்டு வருடம் இருந்தவருக்கு மலையாளம் ஒட்டிக்கொண்டது என்கிறோம். இரண்டிலும் தேடிப் போகவில்லை, தானாக வந்து சேர்ந்தது. அதனால் நேர்முகத் தேர்வில் கவனம். மூன்று வருடம் உட்கார்ந்து படித்த கணக்கியலை 'பிக்ட் அப்' என்றால், போகிற போக்கில் தெரிந்துகொண்டதுபோல் ஒலிக்கும். 'ஸ்டடீட்' என்றே சொல்லுங்கள்.

மேலாளர் 'பிக்ட் மீ அப் ஆன் மை ஸ்பெல்லிங்'. பாராட்டா? (ஈரோடு)

தவறைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். திருத்தி அனுப்பிவிடுங்கள்.

பையர் அலுவலகப் பெண்கள் இருவரை விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்தேன். 'ஐ பிக்ட் அப் டூ கேர்ள்ஸ் லாஸ்ட் நைட்' என்று எழுதியதற்கு ஏன் எல்லோரும் சிரிக்கிறார்கள்? (அவிநாசி)

முன்பின் தெரியாத பெண்களிடம் பேச்சுக் கொடுத்துக் கூட்டிப் போனேன் என்று அவர்கள் படித்திருப்பார்கள் தம்பி. 'பிக்ட் அப் அவர் கெஸ்ட்ஸ் ஃப்ரம் த ஏர்போர்ட்' என்று இன்னொரு மின்னஞ்சல் அனுப்புங்கள். வீட்டம்மா கண்ணில் படுவதற்குள்.