ஸ்கேன் அறையில் வேலை பார்க்கும் தம்பி பேச்சைக் குறைத்துவிட்டான், கதிர்வீச்சு காரணமா?

சி.டி. ஸ்கேன் டெக்னீஷியனான தம்பி நைட் டூட்டி முடிந்து வந்தால் யாரிடமும் பேசுவதில்லை, கதிர்வீச்சுதான் காரணமோ என்று கேட்டிருக்கிறீர்கள்.

கதிர்வீச்சு ஆளை ஊமையாக்காது. உடம்பில் பட்ட கதிர்வீச்சைப் பதிந்துவைக்க நெஞ்சில் குத்தியிருக்கும் டி.எல்.டி. பேட்ஜை 3 மாதத்துக்கு ஒருமுறை அளவெடுக்க அனுப்புவார்கள். 5 ஆண்டுச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவெர்ட்தான் (கதிர்வீச்சு அளக்கும் அலகு) வரம்பு. பேட்ஜ் அளவு வந்த தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தாலே பாதி பயம் போய்விடும்.

கேரள எல்லையில், களியக்காவிளைப் பக்கம் நானும் இதே வேலைதான். மனதை அரிப்பது வேறு. படத்தை முதலில் பார்ப்பது நாங்கள்; முடிவைச் சொல்ல வேண்டியவர் ரேடியாலஜிஸ்ட், அதாவது ஸ்கேன் படம் பார்த்து நோயைச் சொல்லும் டாக்டர். ஒருநாள் பாறசாலையிலிருந்து வந்த அம்மச்சி, மேசையை விட்டு இறங்கும்போதே என் கையைப் பிடித்து, "கொழப்பம் வல்லதும் உண்டோ மோனே?" என்றார். திரையில் ஈரல் முழுக்கப் புள்ளிகள். "டாக்டர் பறயும் அம்மச்சி" என்று சிரித்தபடி அவர் செருப்பை எடுத்து வைத்தேன். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

தம்பி வந்ததும் "என்னாச்சு" என்று துருவாதீர்கள். குளித்துத் தூங்கி எழட்டும், அப்புறம் கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். அதே வேலை பார்க்கும் நண்பனிடம் பேசினால் இன்னும் நல்லது. ஆஸ்பத்திரிக்காரர்கள் யோகா வகுப்பு வைப்பதைவிட, ராத்திரிக்கு இன்னொரு ஆளைப் போடலாம் என்பது என் கட்சி.

2 வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் சரியில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். நடுராத்திரியிலும் எடுப்பார்கள், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.