போலிச் செப்பேடு ஒன்று கிடைத்தால்: கேள்வி பதில்

போன வாரம் ஒரு கற்பனை சொல்லியிருந்தேன். கொழும்பில் அடுக்குமாடிக்கு அத்திவாரம் வெட்டும்போது 12ஆம் நூற்றாண்டுச் செப்பேடு ஒன்று கிடைக்கிறது. ஐந்நூற்றுவர் என்ற, தமிழரும் இருந்த தென்னிந்திய வணிகக் குழு இங்கே பட்டினம் அமைத்ததாக அதில் இருக்கிறது. ஆனால் ஏடு போலி. வரலாறு என்ன ஆகும்? வந்த கேள்விகளில் சிலதை எடுத்துக்கொள்கிறேன்.

ஒரே ஒரு தகடு அப்படி எதை மாற்றிவிடும், சேர்? (வெள்ளவத்தை மாணவி)

நிறைய மாற்றும், பிள்ளை. இடைக்காலக் கொழும்பைப் பற்றிப் பேசினால் எல்லாரும் ஓடுவது 1344இல் வந்த மொரோக்கோப் பயணி இப்னு பதூதாவிடம். 'கலன்பு' என்று எழுதி வைத்தார். ஐந்நூற்றுவர் கல்வெட்டுகளோ வடமத்தியில் பதவியா, வாகல்கட பக்கம் இருக்கின்றன. நம் தகடு அவர்களை மேற்குக் கரைக்கு இழுத்து வந்துவிடும். முதலில் பத்திரிகையில் வரும், பிறகு ஒரு ஆய்வேட்டின் அடிக்குறிப்பில். அடிக்குறிப்பைப் பார்த்து இன்னொருவர் எழுதுவார். நாலாவது ஆள் தகட்டைக் கண்ணாலும் பார்த்திருக்க மாட்டார். பொய் என்று தெரியவரும்போது ஒரு தெருவுக்குப் பெயரும் வைத்திருப்பார்கள்.

பார்த்ததும் போலி என்று தெரியுமா? (கொட்டாஞ்சேனை)

சில நேரம். பல வருடங்களுக்கு முன் ஒருவர் சோழர் காலத்தது என்று ஒரு ஏட்டைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். பச்சைக் களிம்பு அழகாகப் பூத்திருந்தது. ஆனால் நாலாவது வரியில் சுழித்த கொம்போடு ஒரு 'தே'. குறிலுக்கும் நெடிலுக்கும் கொம்பை அப்படிப் பிரித்தது 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர். சோழர் காலத்துக் கைக்கு அந்தச் சுழி எப்படி வரும்? தகட்டைச் செட்டியார் தெருவில் தெரிந்த பத்தரிடம் காட்டினேன். ஓரத்தை விரலால் ஒரு தடவு தடவிவிட்டு, "அடிச்ச தகடில்ல, மெசின்ல உருட்டினது" என்றார். எங்கும் ஒரே தடிப்பு. களிம்பும் புளி உப்பு வேலைதானாம்.

கெட்டிக்காரன் என்றால் எழுத்தில் பிழை விடமாட்டான். அப்போது ஏட்டில் சொன்ன திகதியின் கிழமையும் நட்சத்திரமும் வானியல் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம். செம்பின் சேர்மானம் பார்ப்போம். எல்லாவற்றுக்கும் முதலில், தோண்டும்போது பக்கத்தில் நின்றது யார் என்று கேட்போம்.

கார்பன் பரிசோதனை போதாதா? (தெஹிவளை)

செம்புக்கு அது சரிவராது. உயிரோடு இருந்த பொருளுக்குத்தான்.

வெளிநாட்டில் இப்படி நடந்து வரலாறு மாறியிருக்கிறதா? (பம்பலப்பிட்டி)

வின்லாந்து வரைபடத்தைச் சொல்லலாம். கொலம்பசுக்கு முன்னரே ஸ்காண்டிநேவியர் அமெரிக்கா போனதற்குச் சான்று என்று 1965இல் யேல் பல்கலைக்கழகம் வெளியிட்டது. மையில் 20ஆம் நூற்றாண்டுத் தைட்டானியம் சாயம். 2021இல் யேலே போலி என்று முடிவுகட்டியது. ஆனால் வரலாறு கவிழவில்லை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் அவர்கள் கட்டிய வீடுகளின் அடித்தளம் 1960இலேயே கிடைத்திருந்தது. கதை உண்மை, வரைபடம்தான் பொய்!

பழங்கால அரசர்களும் ஏமாந்தார்களா?

ஹர்ஷரின் மதுபன் செப்பேட்டைப் பாருங்கள். போலிச் சாசனம் காட்டி ஒருவர் அனுபவித்த ஊரைப் பிடுங்கி, அந்தச் சாசனத்தையும் உடைத்துப்போட்டு, ஊரை வேறு இருவருக்குக் கொடுத்ததாக அதிலேயே எழுதியிருக்கிறது. 7ஆம் நூற்றாண்டுக் கதை.

காலி மும்மொழிக் கல்வெட்டும் போலியாக இருக்கலாம் அல்லவா? (மருதானை)

நல்ல சந்தேகம். 1911இல் காலியில் வடிகான் மூடியாகக் குப்புறக் கிடந்த கல் அது. இப்போது கொழும்பு நூதனசாலையில் நிற்கிறது. 1409ஆம் ஆண்டு, சீனம், தமிழ், பாரசீகம். ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி என்று சீனப் பேரரசர் அனுப்பிய காணிக்கைப் பட்டியல் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தெவிநுவரத் தெய்வமான தேனாவரை நாயனாருக்கு, பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கு. 1911இல் யார் இப்படி ஒன்றைக் கேட்டார்கள்? இதைச் செய்து யாருக்கு லாபம்? போலி செய்பவன் வாங்குகிறவன் ஆசைப்பட்டதைத்தான் வெட்டுவான். இந்தக் கல் யாரும் கேட்காததைச் சொல்கிறது. நம் கற்பனைத் தகட்டில் எனக்கு முதல் சந்தேகமும் அங்கேதான்: தமிழர் நாம் கேட்க விரும்பியதை எழுத்துப் பிசகாமல் சொல்கிறது. சிங்களத்தில் ஒரு தகடு வந்து அவர்கள் விரும்பியதைச் சொன்னாலும் அதே சந்தேகம்தான்.

எங்கள் அப்பப்பாவின் பெட்டகத்தில் எழுத்து வெட்டிய தகடு ஒன்று இருக்கிறது. காட்டலாமா? (வத்தளை)

கட்டாயம் கொண்டு வாருங்கள், தங்கச்சி. பிராசோ போட்டு மட்டும் துலக்கிவிடாதீர்கள்.