பந்தயம் விட்ட குதிரையும் பாண்டிருப்புக் கடற்கரையும்

கேள்வி: எனக்கு வயது 33. கட்டாரில் ஒரு குதிரை லாயத்தில் ஐந்து வருடம் வேலை செய்துவிட்டுப் போன வருடம் ஊருக்கு வந்தேன். குதிரைகளைக் குளிப்பாட்டுவது, தீனி வைப்பது, கையில் பிடித்து நடத்திக்கொண்டு போவது, இவைதான் என் வேலை. பெரியவர்கள் இல்லாத நேரம் ஏறி ஓடியும் இருக்கிறேன். ஏப்ரலில் நுவரெலியா போனால் கிரகரி வாவிக்கரையில் சவாரி போகாமல் திரும்புவதில்லை. இதுவரை விழுந்ததே இல்லை. சொந்தமாக ஒரு குதிரை வாங்க ஆசை. பந்தயத்தை விட்ட ஐந்து வயதுப் பெண் குதிரை ஒன்று நுவரெலியாவில் விலைக்கு வந்திருக்கிறது. ஓரளவு ஓடத் தெரிந்தவருக்கு நல்ல குதிரை என்கிறார் விற்பவர். நான் ஓரளவு தெரிந்தவன்தானே? என் எடை 84 கிலோ. ஒன்பது வயது மகளும் ஏறுவாள். கடற்கரையில் ஓட நினைக்கிறேன். இது சரிவராவிட்டால் நெடுந்தீவிலிருந்து ஒரு குதிரையைக் கொண்டுவரலாமா?
- பாண்டிருப்பு வாசகர்

பதில்: தம்பி, நெடுந்தீவை முதலில் முடித்துவிடுவோம். அங்கே திரிகிற குதிரைகள் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இருந்த காலத்தில் வந்தவற்றின் வழி வந்தவை. அவற்றைத் தீவை விட்டு வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது. தடை இல்லாவிட்டாலும் அந்தச் சின்ன உடம்பு உங்கள் 84 கிலோவைச் சுமக்காது.

பந்தயக் குதிரைக்கும் என் பதில் வேண்டாம் என்பதுதான். இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்று சொல்வதற்கு முன் ஒரு பாராட்டு. முதல் குதிரை வாங்க நினைக்கிற பலருக்கு அதன் காலைத் தூக்கிக் குளம்பைத் துப்புரவாக்கக்கூடத் தெரியாது. உங்களுக்கு அது தெரியும். குதிரை தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, முன்காலால் நிலத்தைப் பறித்து, படுத்துப் புரண்டால் வயிற்றுக்குள் ஏதோ கோளாறு என்று நீங்கள் ஓடிவருவீர்கள். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. அந்த வலியைக் கவனிக்காமல் விட்டால் சில மணித்தியாலத்திலேயே செத்துப் போகலாம். கீழே நின்று குதிரை பார்க்கிற வேலையில் நீங்கள் தொடக்கக்காரர் இல்லை. அது சின்ன விசயமில்லை.

ஆனால் நீங்கள் கேட்டது மேலே இருந்து ஓடுவதைப் பற்றி. அதற்குச் சான்றாக எழுதியிருக்கிற மூன்றையும் எடுத்துப் பார்ப்போம்.

கிரகரி வாவிக்கரைக் குதிரை ஒரே வழியில் நாள் முழுக்கப் போய் வருகிறது. பக்கத்தில் ஒரு பையன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவான். உங்களுக்குப் பதிலாக ஒரு நெல் மூட்டையைக் கட்டி ஏற்றினாலும் அது திரும்புகிற இடத்தில் திரும்பும், நிற்கிற இடத்தில் நிற்கும். அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கட்டாரில் ஓடியது உண்மையான சவாரிதான். ஆனால் அந்தக் குதிரைகளில் கைதேர்ந்தவர்கள் நாள்தோறும் ஓடிப் பழக்கியிருப்பார்கள். அவர்கள் செய்து வைத்த வேலையின் மேல்தான் நீங்கள் ஏறி இருந்தீர்கள். சொந்தக் குதிரை என்றால் அந்த வேலையைச் செய்ய உங்களைத் தவிர ஆள் இல்லை. நன்றாகப் பழகிய குதிரையும் தெளிவில்லாத கையில் சில மாதம் இருந்தால் கேட்டதைச் செய்யாமல் விடப் பழகிவிடும்.

விழுந்ததே இல்லை என்பதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது கொஞ்சம் கவலையாக இருக்கிறது. போதுமான அளவு ஓடவில்லை, அல்லது உங்களை விழுத்தாத குதிரைகளிலேயே ஓடியிருக்கிறீர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

எத்தனை வருடம் ஓடினேன் என்று கணக்குப் பார்ப்பதால் திறமை தெரியாது. ஒவ்வொரு அசைவும் நான் கேட்டதால் நடந்ததா, அதுவாக நடந்ததா என்று பாருங்கள். ஒரு பயிற்றுநரின் கண்ணுக்கு முன்னால், வேலி அடைத்த இடத்தில் தொடங்குங்கள். சாதாரண நடையில் போகிற குதிரையை நீங்கள் குறித்த மரத்துக்கு நேரே நிறுத்துங்கள். ஐந்தடி தள்ளி நின்றால் குதிரை தானாக நின்றிருக்கிறது, நீங்கள் நிறுத்தவில்லை. அடுத்தது ட்ரொட். குறுக்குக்குக் குறுக்காக இரண்டிரண்டு கால் சேர்ந்து விழுகிற அந்த ஓட்டத்தில் ஆளைத் தூக்கித் தூக்கிப் போடும். உங்கள் உடம்பு எழும்பி இறங்கும்போது கையும் சேர்ந்து எழும்புகிறதா? எழும்பினால், ஒவ்வொரு அடிக்கும் அதன் வாயில் இருக்கிற இரும்பை நீங்கள் இழுக்கிறீர்கள். கடிவாளத்தைப் பிடித்துத் தொங்கி உடம்பைச் சரிக்கட்டுகிறவர் இன்னும் இருக்கக் கற்கவில்லை. சேணத்தில் கால் வைக்கிற வளையமான அங்கவடியிலிருந்து காலை எடுத்துவிட்டு ஒரு சுற்று ட்ரொட் ஓடினால் இந்த உண்மை ஒளிக்க இடமில்லாமல் வெளியே வரும். அப்புறம் கன்டர், அதாவது ட்ரொட்டை விட வேகமான பாய்ச்சல் ஓட்டம்: இடப்பக்கமும் வலப்பக்கமும் வட்டமாக, எந்த முன்கால் முந்துகிறது என்று குனிந்து பார்க்காமல் சொல்ல வேண்டும்.

யாரையாவது போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். மேலே இருக்கும்போது எல்லோருக்கும் தாங்கள் நிமிர்ந்து இருப்பதாகத்தான் தோன்றும். வீடியோ அப்படிச் சொல்லாது.

இவ்வளவும் ஒரு குதிரையில் சரிவந்தால், இதையே முன்பின் தெரியாத வேறு இரண்டு மூன்று குதிரைகளில் செய்து பாருங்கள். கடைசியாக, மற்றக் குதிரைகளை விட்டு, லாயத்துக்கு எதிர்ப்பக்கமாகத் தனியே ஓட்டிப் போங்கள். குதிரை கூட்டமாக வாழ்கிற பிராணி. தனியே போகச் சொல்லும்போதுதான் உங்கள் சொல்லுக்கு அதனிடம் எவ்வளவு மதிப்பு என்று தெரியும்.

இனி அந்தப் பந்தயக் குதிரை. நீங்கள் இந்தப் பகுதியை இரண்டு தரம் வாசிக்க வேண்டும்.

பந்தயத்தில் ஓடுகிறவர் எப்படி இருப்பார்? அங்கவடியைக் குட்டையாக வைத்து, பின்புறத்தைச் சேணத்திலிருந்து தூக்கி, கழுத்தின் மேல் குனிந்து, கடிவாளத்தை இறுக்கிப் பிடித்திருப்பார். அந்த இறுக்கத்தில் வாயைச் சாய்த்துக்கொண்டு குதிரை பாயும். சின்ன வயதிலிருந்து அதற்குப் பழக்கிய பாடம் இது. இப்போது பயந்துபோன புது ஆள் ஒருவர் என்ன செய்வார் என்று யோசியுங்கள். முன்னுக்குக் குனிவார். காலால் விலாவை இறுக்குவார். இரண்டு கடிவாளத்தையும் சேர்த்து இழுத்துப் பிடிப்பார். அதாவது அவர் நில் என்று நினைத்துச் செய்கிற மூன்றும் இந்தக் குதிரைக்கு ஓடு என்றுதான் விளங்கும். அது ஓட, அவர் இன்னும் இறுக்க, அது இன்னும் பாயும். இதில் குதிரையின் கெட்ட குணம் ஒன்றும் இல்லை. சொன்ன சொல்லைக் கேட்கிறது.

பயந்த கணத்தில் நிமிர்ந்து இருந்து, காலைத் தளர்த்தி, ஒரு பக்கக் கடிவாளத்தை விட்டு விட்டுப் பிடித்து, பெரிய வட்டத்தில் திருப்பி, வட்டத்தைச் சிறிது சிறிதாகக் குறுக்க வேண்டும். முழு வேகத்தில் ஒரு பக்கம் சடாரென்று இழுத்தால் குதிரையே விழுந்துவிடும். இது யோசித்துச் செய்கிற காரியம் இல்லை, யோசிக்கிறதுக்கு முன்னால் உடம்பு செய்திருக்க வேண்டும். உங்கள் உடம்பு இதைச் செய்யுமா? உங்களுக்கே தெரியாவிட்டால் அதுதான் விடை.

இன்னும் ஒன்று. பந்தயத்தில் ஓடுகிறவரைப் பெரும்பாலும் இன்னொருவர் காலைப் பிடித்துத் தூக்கி ஏற்றிவிடுவார், குதிரை நகர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே நீங்கள் அங்கவடியில் கால் வைத்து ஏறும்வரை அது நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நீண்டு தொங்குகிற கால் விலாவில் படுவதும் அதற்குப் புதிது. நல்ல பயிற்றுநர் கையில் சில மாதம் இருந்தால் இதெல்லாம் மாறும். பந்தயம் விட்டபின் பிள்ளைகளைச் சுமக்கிற குதிரைகளும் உண்டு. ஆனால் மாற்றிக் கொடுக்கிற ஆள் நீங்களாக இருக்க முடியாது.

இடத்தையும் பாருங்கள். நுவரெலியாவில், கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரக் குளிரில், தன் கூட்டாளிகளோடு அமைதியாக நின்ற குதிரையை லொறியில் இறக்கி, பாண்டிருப்பு வெயிலில் தனியே கட்டினால் அது அதே குதிரையாக இருக்காது. நம் கரையில் கரைவலைக் கயிறு குறுக்கே கிடக்கும், தோணி கிடக்கும், நாய் கூட்டமாகத் துரத்தும். கரையில் கால் புதைகிற காய்ந்த மணலில் வேகமாக ஓட்டினால் குதிரையின் தசைநார் போய்விடும். அலை நனைத்து இறுகிய மணலில்தான் ஓடலாம், அதுவும் வெயில் ஏறுவதற்கு முன். கல்முனை வீதி பஸ் ஹோர்னைச் சொல்லவே தேவையில்லை. திரௌபதி அம்மன் கோயில் தீமிதிப்புக் காலத்தில் பறையும் வெடியும் சேர்ந்து கேட்கும்போது அந்தக் குதிரையின் மேல் இருக்க நான் விரும்பமாட்டேன். எத்தனை வருடம் ஓடினாலும் சரி.

உங்கள் எடைக்கும் ஒரு கணக்கு உண்டு. ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்ப்பது வழக்கம். பந்தய இனக் குதிரை 450 கிலோ என்று வைத்தால் 90 கிலோ. நீங்கள் 84, சேணம் எட்டோ பத்தோ. இப்போதே கொஞ்சம் கூடத்தான். இருக்கை சரியாக வராதவரின் எடை முதுகில் இன்னும் அதிகமாக இடிக்கும். 500 கிலோவுக்கு மேல் இருக்கிற, அகன்ற முதுகும் தடித்த காலும் உள்ள குதிரைதான் உங்களுக்கு.

வயது ஐந்து என்பது குதிரைக்கு இளமை. 25 வருடத்துக்கு மேல் வாழக்கூடிய பிராணி அது. உங்களுக்கு 12 முதல் 16 வயதுக்குள், பஸ்ஸும் நாயும் பார்த்துச் சலித்துப்போன, நலமடித்த ஆண் குதிரை நல்லது. பெண் குதிரை என்பதை நான் பெரிய குறையாகச் சொல்லமாட்டேன். சிலது மூன்று கிழமைக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும்போது எரிச்சல் காட்டும், அவ்வளவுதான். பார்க்க வடிவாக இருக்கிறதா என்பதைக் கடைசியாக யோசியுங்கள். மட்டக்களப்பு, அம்பாறையில் மாடு பார்த்து வாங்கிப் பழகிய ஆட்கள் நாம், நிறமும் சுழியும் பார்க்கிற கண் நமக்குச் சீக்கிரம் போகாது.

குதிரை பார்க்கப் போகும்போது முதலில் விற்பவரையே ஏறி ஓடிக் காட்டச் சொல்லுங்கள். அவர் ஏறத் தயங்கினால் நீங்களும் ஏறாதீர்கள். கடைசியாக இதில் ஓடியது யார், எவ்வளவு காலத்துக்கு முன் என்று கேளுங்கள். நீங்கள் போகும்போது குதிரை வியர்த்து நின்றால், களைக்க வைத்துக் காட்டுகிறார்களோ என்று சந்தேகப்படலாம். கட்டாமல் விட்ட இடத்தில் நீங்களே பிடித்து, நீங்களே சேணம் கட்டிப் பாருங்கள். முன்கால் முழங்காலுக்குக் கீழே பின்பக்கமாகத் தடவும்போது சூடோ வீக்கமோ இருந்தால் அது பழைய தசைநார்க் காயமாக இருக்கலாம், பந்தயம் ஓடிய குதிரைகளில் அது அடிக்கடி காண்பது. இன்னொரு நாள் சொல்லாமல் போய்த் திரும்பவும் பாருங்கள். வாங்குவதற்கு முன் குதிரை தெரிந்த கால்நடை வைத்தியர் ஒருவர் பார்க்கத்தான் வேண்டும். நம் பக்கத்துக் கால்நடை வைத்தியர்களின் கையில் நாள்தோறும் வருவது மாடும் ஆடும் கோழியும்தான். ஆகவே பேராதனைப் பல்கலைக்கழகத்துக் கால்நடை மருத்துவ பீடத்தில் விசாரித்து ஆளைப் பிடியுங்கள். வாங்கியபின் அவசரத்துக்கும் அந்தத் தொடர்பு வேண்டும். வீட்டு வளவு மணல் என்றால் புல்லை நிலத்தில் போடாமல் தொட்டியில் போட வேண்டும். மணலைத் தின்று வயிற்றில் சேர்ந்தாலும் அந்த வயிற்றுவலி வரும்.

இப்போதைக்குச் செய்யக்கூடியது இது. நுவரெலியாவிலோ கொழும்பிலோ முறையாகச் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் சேர்ந்து, கிழமைக்கு ஒருநாளாவது, வேறு வேறு குதிரைகளில் ஓடுங்கள். பயிற்றுநரிடம் 'நான் தனியே ஒரு குதிரை வைத்திருக்கலாமா' என்று நேராகக் கேளுங்கள். அவர் உங்களுக்குக் குதிரை விற்கிற ஆளாக இருக்கக்கூடாது. அவர் சரி என்றபின், முடிந்தால் விலைக்கு வாங்காமல் சில மாதம் வாடகைக்கு ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஏப்ரலுக்குள் வேறு ஆள் வாங்கிவிடுவார் என்று விற்பவர் அவசரப்படுத்தினால், வாங்கட்டும்.

மகள் விசயம். உங்களுக்கும் அவளுக்கும் ஒரே குதிரை என்றால் அது அவளுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், உங்கள் ஆசைக்கு ஏற்றதாக இல்லை. அவளையும் அதே பயிற்றுநரிடம் விடுங்கள். உங்களை விடக் கெதியாகப் பிடித்துக்கொள்வாள், பார்த்துக்கொண்டிருங்கள். இருவருக்கும் குதிரைச் சவாரிக்கென்று செய்த ஹெல்மெட்டை முதலில் வாங்குங்கள். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் வேண்டாம், அது பாரம், பக்கத்தில் வருவதும் தெரியாது, கேட்காது. கட்டாரில் இன்னும் இருக்கிற உங்கள் கூட்டாளி யாராவது விடுமுறைக்கு வரும்போது தலை அளவைச் சொல்லிவிட்டால் கொண்டுவருவார். ஒருமுறை விழுந்து அடிபட்டால் வெளியே வெடிப்புத் தெரியாவிட்டாலும் அதை மாற்ற வேண்டும், ஆகவே பழையது ஒன்றும் வாங்கவேண்டாம் என்று சொல்லுங்கள்.