20-க்கு 3 வாங்கும் மகள்

கேள்வி: கணவரின் வேலைக்காகச் செப்டம்பரில் சென்னையிலிருந்து பிரான்சின் துலூஸ் நகருக்கு வந்தோம். 9 வயது மகள் இங்கே சே.எம். 1 வகுப்பில் (நம் நாலாம் வகுப்பு மாதிரி) படிக்கிறாள். சென்னையில் முதல் ரேங்க் எடுத்தவள், இங்கே டிக்டேஷனில் 20-க்கு 3 வாங்குகிறாள். நோட்டு முழுக்கச் சிவப்பு மை. வகுப்பில் வாயே திறப்பதில்லையாம். வீட்டுப்பாடமும் தருவதில்லை. இனி வீட்டில் பிரெஞ்சே பேசலாமா? இல்லை, தாத்தா பாட்டியிடம் அனுப்பிவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டும் வேண்டாம். முதலில் அந்த 3 மதிப்பெண்ணைப் பார்ப்போம்.

பிரெஞ்சு டிக்டேஷனில் பெரும்பாலும் பிழைக்குப் பிழை மதிப்பெண்ணைக் கழிப்பார்கள். 80 சொற்களில் 60-ஐச் சரியாக எழுதிய பிள்ளைக்கும் பூஜ்யம் வரலாம். மொழியும் அப்படிப்பட்டது. 'அவன் சாப்பிடுகிறான்', 'அவர்கள் சாப்பிடுகிறார்கள்' இரண்டிலும் வினைச்சொல் காதில் 'மான்ஜ்' என்றுதான் விழும். எழுதும்போது மட்டும் பன்மைக்குக் கடைசியில் இரண்டு எழுத்து கூடும். பிரான்சில் பிறந்த பிள்ளைகளே இதில் வருடக்கணக்காகத் தடுமாறுகிறார்கள். உங்கள் மகள் வந்து சில மாதம்தான் ஆகிறது.

அவள் நோட்டை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். 8 மில்லிமீட்டருக்கு ஒரு அழுத்தமான கோடு, நடுவில் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் மெல்லிய கோடுகள். எந்த எழுத்து எத்தனை கோடு ஏற வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. கூட்டெழுத்தில்தான் எழுத வேண்டும். 97-ஐ 'நாலு இருபது பத்து ஏழு' என்று சொல்வார்கள். 'நாலு' காதில் விழுந்ததுமே பிள்ளையின் கை 4 போட்டுவிடும். கணக்கு தெரியாததால் வரும் தப்பு இல்லை இது. வகுத்தல் போடும் முறையே வேறு, தசமப் புள்ளி இருக்கும் இடத்தில் காற்புள்ளி. தெரிந்ததையே கைக்கு மறுபடி பழக்கிக்கொண்டிருக்கிறாள். சிவப்பு மையைப் பார்த்து அவளைத் திட்டிவிடாதீர்கள், தயவுசெய்து.

வீட்டுப்பாடம் தராததற்குக் காரணம் ஆசிரியரின் அலட்சியம் இல்லை. தொடக்கப்பள்ளியில் எழுத்து வேலையை வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்று 1956-லிருந்தே விதி. படிக்க, மனப்பாடம் செய்யத் தருவார்கள். அங்கேதான் உங்கள் மகளுக்கு ஒரு வழி இருக்கிறது. கவிதை ஒப்பித்தல் இங்கே முக்கியம்; நோட்டில் ஒரு பக்கம் கவிதை, எதிர்ப்பக்கம் பிள்ளை வரைந்த படம். திருக்குறள் ஒப்பித்த நாக்கு அது! ஒரு சின்னக் கவிதையைத் தினமும் ராத்திரி உங்களிடம் சொல்லச் சொல்லுங்கள். அடுத்தவர் எழுதிய வரி என்பதால் தப்பாகிவிடுமோ என்ற பயமில்லாமல் பிள்ளை வாய் திறக்கும். வாய் திறக்காத மாதங்களிலும் அவள் காது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

வீட்டில் தமிழை விடாதீர்கள். நாள் முழுக்கப் புரியாத மொழியில் உட்கார்ந்துவிட்டு வருகிறவளுக்கு, வீட்டில் அம்மா பேசுவதாவது முழுசாகப் புரிய வேண்டும். தமிழில் 'பின்னம்' என்றால் என்னவென்று தெரிந்த பிள்ளைக்குப் பிரெஞ்சில் புதிதாக வேண்டியது அந்தச் சொல் மட்டும்தான்.

அப்புறம், இந்த வாரமே தலைமை ஆசிரியரிடம் நேரம் கேட்டுப் போய், 'ஊபே2ஆ' பற்றி விசாரியுங்கள். பிரெஞ்சு தெரியாமல் வந்த பிள்ளைகளுக்கான தனி வகுப்பு அது. தொடக்கப்பள்ளி அளவில் வாரம் குறைந்தது 9 மணி நேரம் என்று 2012-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை சொல்கிறது. மீதி நேரம் தன் வகுப்பிலேயே இருப்பாள். அந்தப் பள்ளியில் இல்லையென்றால் 'கஸ்னாவ்' என்ற கல்வித்துறைப் பிரிவை அணுகலாம். போகும்போது சென்னைப் பள்ளிக் கணக்கு நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். அதைப் புரட்டிப் பார்க்கும் ஆசிரியருக்கு, எப்படிப்பட்ட பிள்ளை என்று நீங்கள் சொல்லாமலே தெரிந்துவிடும்.

சென்னைக்கு அனுப்பும் பேச்சை ஜூலையில் பள்ளி முடியும்வரை எடுக்காதீர்கள், அவள் காதுபட வேண்டவே வேண்டாம். எந்தக் கவிதையை ஒப்பித்தாள் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.